ஷோல்டர் பிரஸ் செய்யும்போது தோளில் குத்துகிறது, விட்டுவிடலாமா?

கேள்வி: பார் வைத்து ஷோல்டர் பிரஸ் செய்யும்போது வலது தோளின் முன்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. தோளுக்கு ஆபத்து, இந்தப் பயிற்சியே வேண்டாம் என்கிறார்கள் ஜிம்மில். நிஜமா?

விட வேண்டியதில்லை. ஷோல்டர் பிரஸ் என்பது பாரை, அதாவது எடை மாட்டும் இரும்புக் கம்பியை, தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்குவதுதான். பரணில் பெட்டியை ஏற்றுவதும் இதே அசைவுதான், அதை யாரும் ஆபத்து என்று சொல்வதில்லை. தூக்கும் விதத்தையும் எடையையும்தான் பார்க்க வேண்டும்.

நான் ஜிம்மில் அடிக்கடி பார்ப்பது இதுதான். பெஞ்ச் பிரஸ்ஸுக்குக் கற்றுக்கொடுத்த "தோளைப் பின்னால் இழு, கீழே இறக்கு, அப்படியே பூட்டு" என்பதை ஷோல்டர் பிரஸ்ஸுக்கும் எடுத்துவந்துவிடுகிறார்கள். பெஞ்சில் படுத்திருக்கும்போது அது சரி. நின்றுகொண்டு தலைக்கு மேல் தூக்கும்போது அதுவே வம்பு. கை முழுதாக மேலே போக 180 டிகிரி வேண்டும். அதில் சுமார் 120 தான் தோள் மூட்டுக்குள் நடக்கிறது. மிச்சம் 60, முதுகில் இறக்கை மாதிரி துருத்தித் தெரிகிறதே, அந்தத் தட்டை எலும்பு சுழன்று மேலேறுவதால் கிடைக்கிறது. அதைக் கீழே பூட்டிவிட்டால் அந்த 60 எங்கிருந்து வரும்? மூட்டையும் அதைச் சுற்றியுள்ள தசைநார்களையும் போட்டுப் பிழிந்துதான் வரும்.

அதனால் பார் நெற்றியைத் தாண்டியதும் தோளையும் கூடவே ஏறவிடுங்கள். கை நீண்டு முடியும்போது தோள் காதுப் பக்கம் கொஞ்சம் நெருங்கியிருக்க வேண்டும். முதல் ரெப்பிலிருந்தே தோளைத் தூக்கிக்கொண்டு தொடங்குவது வேறு, அது வேண்டாம்.

அடுத்தது முழங்கை. இரண்டையும் பக்கவாட்டில் விரித்து, உடம்புக்கு நேர்கோட்டில் வைத்துத் தூக்காதீர்கள். முப்பது டிகிரி போல முன்னால் கொண்டுவாருங்கள். கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ், நடுமுதுகும் தோளும் நன்றாக வளைகிறவர்களுக்கு ஒன்றும் செய்யாது. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் கூன் போட்டு உட்காருகிற நமக்கு அது எதற்கு?

ஒரு சோதனை செய்து பாருங்கள். சுவரில் முதுகும் இடுப்பும் ஒட்ட நின்று, இரண்டு கைகளையும் முன்வழியாக மேலே கொண்டுபோய்ச் சுவரைத் தொடுங்கள். கீழ்முதுகு சுவரை விட்டு வில்லாக வளைந்தால், பாரைத் தூக்கும்போதும் அதேதான் நடக்கும்: தோளில் இல்லாத அசைவை இடுப்பு கடன் கொடுக்கும். ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஒரு காலத்தில் பிரஸ் தனிப் பிரிவாகவே இருந்தது. வீரர்கள் பின்னால் சாய்ந்து சாய்ந்து, எது சரியான பிரஸ் என்று நடுவர்களுக்கே தீர்ப்புச் சொல்ல முடியாமல் போய், 1972 மியூனிக்கோடு எடுத்துவிட்டார்கள்.

சரி, உங்கள் வலிக்கு வருவோம். எலும்பு தசைநாரை உரசுகிறது, அதனால்தான் வலி என்று பலர் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். இப்படிப்பட்ட வலிக்கு அந்த எலும்பைச் செதுக்கும் அறுவை சிகிச்சையைப் போலி அறுவை சிகிச்சையோடு (எலும்பைத் தொடாமலே மூடிவிடுவது) ஒப்பிட்டு பிரிட்டனில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பெரும்பாலும் தசைநார் தாங்குவதைவிட வேகமாக நாம் எடையை ஏற்றியிருப்போம், அவ்வளவுதான்.

எனவே கொஞ்ச நாள் பாரை விட்டுவிட்டு டம்பெல் எடுங்கள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடித்து, குத்தாத எடையில், குத்தாத உயரம் வரை தூக்குங்கள். அதுவும் குத்தினால் பாரின் ஒரு முனையைச் சுவர் மூலையில் முட்டுக்கொடுத்து, மறுமுனையை ஒரு கையால் சாய்வாக மேலே தள்ளுங்கள். செய்யும்போது லேசாக வலித்து மறுநாளைக்குள் அடங்கினால் பரவாயில்லை. மறுநாள் கூடினால் எடை அதிகம்.

அந்தப் பக்கம் படுக்க முடியாமல் ராத்திரி விழிப்பு வருகிறதா, கையைத் தூக்கவே வலு இல்லையா, விரல் வரை மரத்துப்போகிறதா? அப்படியானால் இந்தப் பதிலை மூடிவிட்டு எலும்பு டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரை வேறு இருக்கிறது என்றால் இன்னும் கவனம். சட்டைக் கையை மாட்டவும் தலை சீவவும் தோள் இறுகுகிறது என்றால் அது தோள் உறைவாக (ஃப்ரோசன் ஷோல்டர்) இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும். அதை பிரஸ் செய்து சரிசெய்ய முடியாது.

திரும்பப் பாருக்கு வரும்போது வெறும் பாரில் ஒன்றிரண்டு செட் செய்துவிட்டு ஏற்றுங்கள். பல ஜிம்களில் இருப்பதிலேயே சின்ன பிளேட் இரண்டரை கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் ஐந்து கிலோ. முப்பது கிலோ தூக்குகிறவருக்கு அது ஆறில் ஒரு பங்கு, தோளுக்கு ரொம்ப அதிகம். ஒன்றேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கி பையில் வைத்துக்கொள்ளுங்கள், செலவு பெரிதாக ஆகாது.