முள்கரண்டி அல்ல, மணியோசை

அன்புள்ள ஐயா,

அக்டோபரில் கேம்பிரிட்ஜில் எம்.ஃபில். சேர்கிறேன். முதல் வாரத்திலேயே கல்லூரியில் மெட்ரிகுலேஷன் விருந்து, அதாவது புதிதாகச் சேர்பவர்களுக்கான விருந்து. கவுன் என்ற மேலங்கி கட்டாயமாம். யூடியூபில் பார்த்தால் ஒரு தட்டைச் சுற்றிப் பத்து கரண்டிகள். நான் சைவம், முட்டையும் கிடையாது, மதுவும் தொடுவதில்லை. எங்கே சொதப்புவேன் என்று முன்பே தெரிந்தால் நல்லது.

கா., மதுரை

அன்புள்ள கா.,

கரண்டியில் சொதப்ப மாட்டீர்கள். வெளியே இருப்பதிலிருந்து உள்நோக்கி எடுத்துக்கொண்டே போனால் போதும். தட்டுக்கு மேலே குறுக்காகக் கிடப்பவை இனிப்புக்கு. மாற்றி எடுத்துவிட்டால் அதிலேயே சாப்பிட்டு முடியுங்கள். குறைவதைப் பரிமாறுபவர் வைத்துவிடுவார். முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து வையுங்கள். விரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்று தட்டை எடுக்கமாட்டார்கள், மேசை முழுக்க உங்களுக்காகக் காத்திருக்கும்.

குழப்புவது ரொட்டித் தட்டுதான். உங்களுடையது இடப்பக்கம், தம்ளர்கள் வலப்பக்கம். ஒருவர் வலப்பக்கத்து ரொட்டியை எடுத்தால் ஆளாளுக்கு மாறி, வரிசைக் கடைசியில் ஒருவர் வெறும் தட்டோடு இருப்பார். ரொட்டியைக் கத்தியால் அறுக்காமல் கையால் பிய்த்து, பிய்த்த துண்டுக்கு மட்டும் வெண்ணெய் தடவுங்கள்.

புதியவர்கள் உண்மையில் தடுமாறுவது எழுவதிலும் உட்கார்வதிலும். மணியோ சேகண்டியோ ஒலித்ததும் எல்லோரும் எழ, ஃபெல்லோக்கள் எனப்படும் கல்லூரி ஆசிரியர்கள் ஹை டேபிளுக்கு, அதாவது தங்களுக்கான தனி மேசைக்கு, வருவார்கள். பிறகு லத்தீனில் பிரார்த்தனை. சில கல்லூரிகளில் நீளமானது. பல இடங்களில் ‘பெனடிக்டஸ் பெனடிகாத்’ என்ற இரண்டே சொல். நீங்கள் சுதாரிப்பதற்குள் முடிந்துவிடும். அதற்கு முன் உட்காரவோ ரொட்டியைத் தொடவோ கூடாது. சாப்பாட்டுக்குப் பின் இன்னொரு பிரார்த்தனை. ஹை டேபிள் வெளியேறும்வரை நிற்க வேண்டும். நடுவில் எழுந்து கழிப்பறைக்குப் போவதும் பல இடங்களில் மரியாதைக் குறைவு, முன்பே போய்விட்டு வாருங்கள். பக்கத்து இலை முடியுமுன் பந்தியில் எழக்கூடாது என்று வளர்ந்தவருக்கு இதெல்லாம் புதிதல்ல. கைபேசி பையிலேயே இருக்கட்டும்.

சைவ விஷயத்தை மேசையில் சொல்லாதீர்கள், முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். சமையலறை தட்டுகளை எண்ணித்தான் சமைக்கிறது. உட்கார்ந்தபின் மாற்றச் சொன்னால் பெரும்பாலும் காய்கறி மட்டும்தான் வரும். இங்கிலாந்தில் வெஜிடேரியன் என்றால் முட்டை உண்டு. ஆகவே முட்டையோடு பால்பொருளும் சேர்க்காத ‘வீகன்’ என்று குறிப்பிடுவதே பத்திரம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் தயிரில்லாமல் இருந்துவிடலாம். 1914இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்கு வந்த கணித மேதை ராமானுஜன் உணவுக்கூடத்தில் சாப்பிட முடியாமல் அறையில் தானே சமைத்துக்கொண்டார். இன்று அந்தச் சிக்கல் இல்லை, படிவத்தை நேரத்தோடு நிரப்பினால்.

மது வேண்டாமென்றால் ஊற்ற வரும்போது ‘நோ, தேங்க் யூ’ என்றால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மன்னருக்கு வாழ்த்துச் சொல்லும்போது தண்ணீர்த் தம்ளரை உயர்த்தலாம். போர்ட் ஒயின் குடுவை வந்தால் ஊற்றிக்கொள்ளாமலே இடப்பக்கத்தவருக்கு நகர்த்துங்கள். உங்கள் முன்னால் நின்றுவிட்டால்தான் குற்றம். யாராவது உங்கள் கோப்பையில் மன்னர் தலை பொறித்த நாணயத்தைப் போட்டு, ‘மன்னர் மூழ்குகிறார், ஒரே மடக்கில் குடி’ என்பார்கள். பல கல்லூரிகளில் தடைசெய்யப்பட்ட விளையாட்டு அது. சிரித்துவிட்டு வேறு தம்ளர் கேளுங்கள்.

கவுனை வாங்குமுன் வயதைப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் பட்டம் இல்லாத முதுகலை மாணவர்களில் 24 வயதுக்குக் கீழானவர்களுக்கு பி.ஏ. தகுதி கவுன், மற்றவர்களுக்கு எம்.ஏ. தகுதி கவுன், இரண்டும் நாடா இல்லாதவை. டிரினிட்டி இளங்கலையினரின் கருநீலத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், உங்களுடையது கறுப்பு. பழையதே போதும், மாணவர்களிடம் மலிவாகக் கிடைக்கும். கவுனின் தொங்கும் கைப்பகுதியை மட்டும் சூப் வரும்போது மடியில் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.