நிறத்தைக் கொண்டு படத்தில் தோலைக் கண்டறிதல்: கேள்வி பதில்

கிளிநொச்சி மாணவி: அண்ணா, ஒரு படப்புள்ளியைத் தோல் என்று கொள்ள, 0 முதல் 255 வரையிலான அளவில் அதன் சிவப்பு 95, பச்சை 40, நீலம் 20 ஆகியவற்றுக்கு மேல் இருக்க வேண்டும் என்று தொடங்கும் விதியைப் பயன்படுத்தினேன். விறாந்தை நிழலில் இருக்கும் அம்மம்மாவின் முகம் முழுவதும் விடுபடுகிறது.

பதில்: தங்கச்சி, அந்த விதி சீரான பகல் வெளிச்சத்துக்கென்று எழுதப்பட்டது. அம்மம்மாவின் கன்னத்தில் ஒரு புள்ளி 80, 55, 42 என்று இருந்தால், சிவப்பு 95ஐத் தொடாததால் அது முதற்படியிலேயே தள்ளப்படும். அதே புள்ளியை, வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியே பிரிக்கும் ஒய்சிபிசிஆர் முறைக்கு மாற்றினால், வெளிச்சம் ஒய் என்ற கூறுக்குள் ஒதுங்கிவிட, சிவப்பின் சாய்வைக் காட்டும் சிஆர் ஏறத்தாழ 141, நீலத்தின் சாய்வைக் காட்டும் சிபி ஏறத்தாழ 117 என வரும். 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு வகுத்த எல்லைகளுக்குள் (சிஆர் 133–173, சிபி 77–127) இது நன்றாகவே அடங்குகிறது. எனினும் நிழல் கடுமையாகும்போது இரண்டு எண்களும் நிறச்சாய்வு இல்லாத நடு எண்ணான 128ஐ நோக்கி நகரும். ஆகையால் எல்லைகளை இரவல் வாங்காமல், நம்மவர்களின் படங்களிலிருந்து அளந்து திருத்துங்கள். அதற்கு முன்பு கமராவின் வெள்ளைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) பாருங்கள்.

மாங்குளம்: கிரவல் வீதியும் தோலாகவே வருகிறதே?

பதில்: வரத்தான் செய்யும். 170, 105, 70 என்ற கிரவல் புள்ளி மேற்சொன்ன இரண்டு விதிகளையும் தாண்டிவிடும். இரும்பு ஒட்சைட்டு தரும் செம்மைக்கும் குருதியும் தோலின் நிறப்பொருளான மெலனினும் சேர்ந்து தரும் செம்மைக்கும் இடையே கமராவின் மூன்று எண்களில் பெரிய இடைவெளி இல்லை. நிறம் 'தோலாக இருக்கலாம்' என்பதை மட்டுமே சொல்லும். மீதியை வடிவமும் மேற்பரப்பின் தன்மையும் சொல்ல வேண்டும்.

முல்லைத்தீவு: ஆழக் கற்றல் (படங்களைக் கொண்டு பழக்கிய நரம்பு வலையமைப்பு) இருக்கும்போது இந்த எல்லைக் கணக்கு எதற்கு?

பதில்: சிறிய கருவியில் வேகமாக ஓடும் என்பதற்காக. பயிற்சிப் படங்களில் நம் நிறத்தவர் குறைந்தால் அந்த வலையமைப்பும் தடுமாறும். 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில், முகம் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிக மென்பொருள்கள் கருநிறப் பெண்களிடத்தில் 34.7 சதவீதம் வரை பிழைத்தன. வெளிர்நிற ஆண்களிடத்தில் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை.

முல்லைத்தீவு: அது பாலினம் பற்றியது, தோலைப் பற்றியது அல்ல.

பதில்: வேலை வேறுதான், தம்பி. ஆனால் யாருடைய படங்களைக் கொண்டு பழக்கினார்கள் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. உங்கள் மாதிரியை விறாந்தை நிழலில் சோதித்த பிறகு வாதத்தைத் தொடருவோம்.

வவுனியா: ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க மென்பொருள் நூலகத்தில் முகம் நீலமாகத் தெரிகிறது.

பதில்: அது நீலம், பச்சை, சிவப்பு என்ற ஒழுங்கில் வாசிக்கும். ஒய்சிபிசிஆர் முறைக்கு மாற்றிய பின்பும் அதில் சிஆர் முன்னே, சிபி பின்னே வரும்.

புதுக்குடியிருப்பு: சரியான எல்லை எண்களை மட்டும் தாருங்கள்.

பதில்: கிளிநொச்சித் தங்கச்சிக்கு எழுதியதை வாசியுங்கள்.

நெடுங்கேணி: கையிலுள்ள வெண்திட்டு நோயா என்று இதனால் அறியலாமா?

பதில்: தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒட்டுசுட்டான்: மஞ்சள் மின்குமிழின் கீழ் எடுத்த படங்களில் சுவரும் தோலாக வருகிறது.

பதில்: மீண்டும் வெள்ளைச் சமநிலைதான். அதே விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத்தாளைப் படமெடுத்து, தாளின் மூன்று எண்களும் சமமாகும்வரை திருத்திய பிறகே எல்லைகளைப் பிரயோகியுங்கள்.