நாமினி என்பதற்காக எல்லாப் பங்குகளும் அண்ணனுக்குப் போய்விடாது

கேள்வி: அப்பா தொடங்கிய பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் மொத்தம் 10,000 பங்குகள். அப்பாவுக்கு 6,000, மேலாண்மை இயக்குநரான அண்ணனுக்கு 4,000. உயில் எழுதாமல் அப்பா காலமாகிவிட்டார். அம்மா இருக்கிறார். தான்தான் நாமினி என்பதால் அந்த 6,000 பங்கும் தனக்கே என்கிறார் அண்ணன். கம்பெனி ஆடிட்டர் ஒரு சம்மதக் கடிதத்தில் மகளான என் கையெழுத்தைக் கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள்.

நாமினி என்பவர் பங்குகளைக் கம்பெனியிடமிருந்து பெற்று வைத்துக்கொள்பவர், அவ்வளவுதான். நாமினேஷன் வாரிசுரிமையை மாற்றாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சக்தி யஸ்தானி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமானால் அம்மா, அண்ணன், நீங்கள் ஆளுக்கு 2,000 பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் நான்கு பாகம். கல்யாணத்தில் போட்ட நகையைச் சொல்லி உங்கள் பாகத்தைக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை.

இந்தச் 'சம்மதக் கடித'த்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மேலே 'பெயர் மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை' என்றிருக்கும். மூன்றாவது பத்தியில் 'எனக்குரிய சகல பாத்தியதைகளையும் மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன்' என்று நுழைத்திருப்பார்கள். "வெறும் ஃபார்மாலிட்டி அம்மா" என்பார் கொண்டுவருபவர். கம்பெனி ஆடிட்டர் உங்கள் ஆடிட்டர் அல்ல. அப்பா கையெழுத்திட்ட எஸ்எச்-4 பங்கு மாற்றப் படிவம் ஒன்று திடீரென்று பீரோவிலிருந்து கிளம்பினாலும் பயப்பட வேண்டாம். கையெழுத்தான 60 நாளுக்குள் அது கம்பெனியிடம் போயிருக்க வேண்டும்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழே போதும் என்று பணம் கேட்கும் தரகர்களையும் நம்பாதீர்கள். வாரிசுகள் யார் யார் என்பதை மட்டுமே அது சொல்லும். பங்குகளுக்கு நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். பங்கு மதிப்பில் சதவீதம் பேசுபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் உறுப்பினராகப் பதிவாகாத இந்த இடைவெளியில், அண்ணன் புதிதாக 15,000 பங்குகளை வெளியிட்டு அண்ணிக்கு ஒதுக்கினால் என்ன ஆகும்? உங்கள் 20 சதவீதம் 8 சதவீதமாகிவிடும். நிர்வாகத்தின் அடக்குமுறையை எதிர்த்துக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக வழக்கமாகப் பங்குகளில் 10 சதவீதமோ, உறுப்பினர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பாகமோ வேண்டும். பங்கு அளவைக் காட்டிப் போகும் கதவு சாத்தப்படும். எனவே கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டி ஆண்டு அறிக்கையையும், புதுப் பங்கு ஒதுக்கீட்டைக் காட்டும் பாஸ்-3 படிவத்தையும் உடனே பாருங்கள்.

பங்கு உங்களிடமே இருக்கும் என்பதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. கம்பெனியின் சங்க விதிகளை, அதாவது ஆர்ட்டிகிள்ஸை, வாங்கிப் படியுங்கள். பங்கு மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் விதி குடும்பக் கம்பெனிகளில் சாதாரணம். பொதுவாக அது விற்பனைக்குத்தான், வாரிசு வழியில் வருவதற்கு அல்ல. ஆனால் சில கம்பெனிகளில் 'உறுப்பினர் இறந்தால் வாரிசுகள் மற்ற உறுப்பினர்களுக்கு விற்க வேண்டும், விலையை ஆடிட்டர் நிர்ணயிப்பார்' என்றும் எழுதிவைத்திருப்பார்கள். உங்களுடையதில் அப்படி இருந்தால் வழக்கே பங்கைப் பற்றியதிலிருந்து விலையைப் பற்றியதாக மாறிவிடும். அந்த ஆடிட்டர் யார், கம்பெனியின் நிலத்தைப் பழைய கணக்குப் புத்தக விலையில் மதிப்பிட்டாரா, இன்றைய விலையிலா என்று கேளுங்கள். விதி எப்போது சேர்க்கப்பட்டது என்றும் பாருங்கள். அப்பா இறந்த பிறகு சேர்த்திருந்தால் உங்கள் வக்கீலுக்கு அது நல்ல செய்தி.

எங்கே வழக்குப் போடுவது? இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. வாரிசுரிமைத் தகராறை உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று 2020இல் அருணா ஓஸ்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் கம்பெனிச் சட்டத்தின் 430ஆவது பிரிவைக் காட்டி "இது தீர்ப்பாயத்தின் வேலை" என்பார். இந்தப் பந்தாட்டத்தில் வாய்தா மேல் வாய்தா போகும், கம்பெனி அண்ணன் கையிலேயே இருக்கும். ஆகவே பாகப்பிரிவினை வழக்கோடு சேர்த்து, அந்த 6,000 பங்குகளை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாதென்று இடைக்காலத் தடையையும் முதல் நாளே கேளுங்கள். அம்மாவும் உங்களோடு சேர்ந்தால் வலு கூடும்.

வழக்குக்கு முன்பே, இறப்புச் சான்றிதழ் நகலுடன் உங்கள் பாகத்தைக் கோரிக் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஒப்புகையுடன் கூடிய தபாலில் கடிதம் அனுப்புங்கள். அண்ணன் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.