கோலசிலாங்கூருக்கு எந்த நாளில் போவது?

கேள்வி: டிசம்பரில் உறவினர் திருமணத்துக்காகக் கோலாலம்பூர் வருகிறோம். எழுபதைத் தாண்டிய அப்பாவும் அம்மாவும் உடன் வருகிறார்கள். திருமணம் முடிந்து நான்கு நாட்கள் கையில் இருக்கின்றன. அதில் ஒரே நாளில் கோலசிலாங்கூர் மின்மினிகளையும் ‘ஸ்கை மிரர்’ மணல்திட்டையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: முதலில் தினசரிக் காலண்டரை எடுத்து, அந்த நான்கு நாட்களுக்குள் அமாவாசை விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டையும் பார்க்கலாம். மெல்லிய நீர்ப்பரப்பில் வானம் கண்ணாடிபோலத் தெரியும் அந்த மணல்திட்டு கடலுக்குள் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் கடல் நன்றாக வற்றும்போதுதான் அது தலைகாட்டும். மின்மினிக்கோ இருட்டு வேண்டும். பௌர்ணமியன்று போனால் திட்டு கிடைக்கும், மின்மினி வெளிறிப்போகும். நான் ஒருமுறை அப்படிப் போய், ஆறு முழுக்க நிலவொளியை ரசித்துவிட்டுத் திரும்பினேன்!

பெற்றோருக்கு மணல்திட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயிலில் படகுப் பயணம், பிறகு தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். நீங்கள் போவதானால், படகு புறப்படும் நேரம் அலைக்கேற்ப நாளுக்கு நாள் மாறும் என்பதால் முன்பே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

மின்மினிக்கு அவர்கள் தாராளமாக வரலாம். கோலசிலாங்கூர் ஊரிலிருந்து ஆற்றோடு சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகில் அழைத்துப் போகிறார்கள். படகுக்கு நான்கு பேர், உயிர்காப்பு உடை கட்டாயம். சிலாங்கூர் ஆற்றின் நன்னீரும் கடலின் உப்பும் கலக்கும் அந்தப் பகுதியில்தான் பெரெம்பாங் என்ற சதுப்புநில மரங்கள் கரையோரம் நிற்கின்றன. மின்மினி புழுவாக இருக்கும்போது கரைச் சேற்றில் நத்தை தின்று வளர்கிறது, வளர்ந்ததும் இந்த மரத்துக்கு வருகிறது. பூச்சி ஓர் அரிசி அளவுதான். ஆனால் ஒரு மரத்து ஆண் பூச்சிகள் எல்லாம் ஒரே தாளத்தில், நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை மினுக்கும். துடுப்புச் சத்தம் தவிர வேறெதுவும் கேட்காது. கைபேசி வெளிச்சத்தைப் படகில் ஏறும் முன்பே அணைத்துவிடுங்கள். அங்கே ஏழு மணிக்கு மேல்தான் இருட்டுகிறது. மாலை மழை கொட்டினால் படகு போகாது, அதனால் நான்கு நாட்களில் கடைசி நாளை இதற்கு ஒதுக்காதீர்கள்.

பகல் பொழுதுக்கு மலாவத்தி குன்று இருக்கிறது. மலாய் மொழியில் குவாலா என்றால் ஆற்றின் முகத்துவாரம். நம்மவர் வாயில் அது ‘கோல’ ஆகிவிட்டது. அந்த முகத்துவாரத்தைக் காவல்காத்த கோட்டை இங்கேதான் இருந்தது. 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் அதைத் திரும்பப் பிடித்துக்கொண்டார். இப்போது பீரங்கிகளும் கலங்கரை விளக்கமும் அரச கல்லறைகளும் மிச்சம். குன்றைச் சுற்ற டிராம் வண்டி இருக்கிறது, அப்பா அம்மா நடந்து ஏற வேண்டியதில்லை. அங்குள்ள வெள்ளிநிறக் குரங்குகள் சாது, அவற்றின் குட்டிகள் மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் தாயின் வயிற்றில் தொங்கும். நீள வால் குரங்குகள் வேறு ரகம், பையைப் பறிக்கும்.

காரில் போகும் வழியில் இஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் இருபுறமும் செம்பனைக் காடுதான், அதாவது பாமாயில் எடுக்கும் பனை. பெஸ்தாரி ஜெயாவுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலத்தில், 1917-இல், ஆன்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை இங்கே போட்டார். தோட்டத்தின் பெயர் ‘தென்னமரம்’. சாட்சாத் நம் தென்னை மரம்தான். செம்பனைத் தோட்டத்துக்குத் தமிழில் தென்னையின் பெயர்! பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை, காரை நிறுத்தத் தேவையில்லை. அப்பாவிடம் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு, ஆற்றின் மறுகரையில் பாசிர் பெனாம்பாங் மீனவர் கிராமத்துக் கடல் உணவுக் கடைகள். சைவமென்றால் ஊருக்குள்ளேயே நம்மவர் கடையில் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள்.

போகவர ஒரே வாடகைக் காரைப் பேசிவிடுங்கள். கோலாலம்பூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான் என்றாலும், இரவு ஒன்பது மணிக்குப் படகுத்துறையில் நின்று கைபேசியில் வண்டி தேடினால் எளிதில் கிடைக்காது.