பாதுகாப்பைச் சோதிக்கக் கத்தியோடு விமானம் ஏறும் நிருபருக்கு அமெரிக்காவில் தண்டனை உண்டா?

உண்டு. பத்திரிகையாளர் அட்டை அங்கே கவசம் ஆகாது. விமானத்துக்குள் கைக்கு எட்டும்படி ஆபத்தான ஆயுதத்தை மறைத்து எடுத்துப் போனாலோ, போக முயன்றாலோ 10 ஆண்டு வரை சிறை என்கிறது கூட்டாட்சிச் சட்டம். "சோதிக்கத்தான் செய்தேன்" என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. எல்லோருக்கும் பொதுவான சட்டம் பத்திரிகைகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றமும் 1991இல் சொல்லிவிட்டது.

2002இல் நியூயார்க் டெய்லி நியூஸ் நிருபர்கள் கத்திகளோடு பல விமான நிலையச் சோதனைகளைத் தாண்டிப் போய் எழுதியது பெரிய பரபரப்பானது. வழக்குப் போடுவதா வேண்டாமா என்பது அரசு வழக்கறிஞரின் விருப்பம். அதை நம்பி இறங்குவது சூதாட்டம்தான்.

2003இல் ஒரு கல்லூரி மாணவர் அட்டை வெட்டும் கத்திகளை இரண்டு சவுத்வெஸ்ட் விமானங்களில் ஒளித்துவைத்தார். தானே அதிகாரிகளுக்கு மின்னஞ்சலும் அனுப்பினார்! அதை வாரக்கணக்கில் யாரும் பொருட்படுத்தவில்லை என்பது தனிக் கூத்து. கடைசியில் சிறு குற்றமாக ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூக சேவை, அபராதம் என்று தப்பினார்.

என்னைக் கேட்டால், கத்தியைத் தொடாமலே இதைவிடப் பெரிய செய்தி கிடைக்கும். அரசின் ரகசியச் சோதனையாளர்கள் அனுமதியோடு நடத்திய 70 சோதனைகளில் 67இல் பாதுகாப்பு ஊழியர்கள் கோட்டைவிட்டதை 2015இல் ஏபிசி நியூஸ் வெளியிட்டது. விமான நிலையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுத் துறையின் தற்காலிகத் தலைவரே பதவி மாற்றப்பட்டார்.