போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் பல்லில் பழுப்புக் கறை (பென்னாகரம்)

போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தும் பையனின் பல்லில் கறை விழுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு, பல் உருவாகும் வயதில் அளவுக்கு மேல் உடம்பில் சேர்ந்தால் இப்படிக் கறை விழும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர்தான் வற்றும், ஃபுளோரைடு அப்படியே தங்கிவிடும். உங்கள் ஏழு வயதுப் பையனின் புதுப் பல்லில் கறை விழ, பெரும்பாலும் அந்த போர் தண்ணீர்தான் காரணம். சரியாகத் தேய்க்கவில்லை என்று பிள்ளையைத் திட்டாதீர்கள், பாவம்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஒரே பல்லில் மட்டும் என்றால் சொத்தையாகவோ அடிபட்டதாகவோ இருக்கலாம்.

தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க மட்டுமல்ல, உலை வைக்கவும் வேண்டாம். குழாயில் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் வருகிற அன்றைக்கே சமையலுக்கும் சேர்த்துப் பிடித்து வையுங்கள்.

ஆனால் தண்ணீரை மாற்றினாலும் விழுந்த கறை மறையாது. பலன் இன்னும் பல் உருவாகிக்கொண்டிருக்கும் உங்கள் சின்ன மகளுக்குத்தான் அதிகம், அதனால் தள்ளிப் போடாதீர்கள்.