லண்டனில் வேலை பார்க்கிறேன். குழந்தைகள், பதின்ம வயதினருக்கான உளச்சிகிச்சையாளர் ஆக என்ன படிக்க வேண்டும்? வேலையை விடாமல் ஆன்லைனில் முடிக்க முடியுமா?

ஆன்லைனில் மட்டும் முடியாது. நான் இந்தப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருப்பவள்; ஏன் முடியாது என்று சொல்கிறேன்.

முதல் கட்டம் ஒரு முன்படிப்பு. உளவியல் பட்டம்தான் வேண்டும் என்றில்லை; ஆசிரியர்கள், செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். குழந்தைகளோடு வேலை செய்த அனுபவம்தான் முக்கியம். இந்தக் கட்டத்தின் உயிர்நாடி சிசு அவதானிப்பு. எஸ்தர் பிக் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1948-இல் லண்டனின் டாவிஸ்டாக் மனநல கிளினிக்கில் தொடங்கிவைத்த முறை. புதிதாகப் பிள்ளை பிறந்த ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், பிள்ளைக்கு இரண்டு வயதாகும்வரை போக வேண்டும். போய்? சும்மா பார்க்க வேண்டும். அங்கே குறிப்பெடுக்கக் கூடாது. வீடு திரும்பி நினைவிலிருந்து எழுதி, வகுப்பில் வாசிக்க வேண்டும். நம் வீடுகளில் பச்சைப் பிள்ளையைப் பார்க்கப் போனால் கொஞ்சாமல், தாய்க்கு இரண்டு கைவைத்தியம் சொல்லாமல் திரும்புவோமா? பிள்ளை வீறிட்டு அழும்போது யோசனை சொல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் போல எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறில்லை. ஆனால் பேச்சு வராத பிள்ளை தன் பயத்தை உடம்பால் எப்படிக் காட்டுகிறது என்பதை அங்கேதான் கற்றேன்.

அப்புறம் நான்கு வருட கிளினிக்கல் பயிற்சி, அதாவது மேற்பார்வையில் நேரடியாகப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுத்துப் பழகுவது. பெரும்பாலும் என்ஹெச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) சம்பளத்தோடு கிடைக்கும், அதனால் போட்டி அதிகம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, பள்ளிப் பிள்ளை, பதின்ம வயதினர் என மூன்று பேரை வாரம் மூன்று முறை பார்க்க வேண்டும். நாமும் நம் மனதைப் பேசிப் புரிந்துகொள்ள, வாரம் பலமுறை உளப்பகுப்பாய்வுக்குப் போக வேண்டும். இதுதான் பர்ஸைக் கடிக்கும், முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்.

ஒரு அமர்வு 50 நிமிடம். சின்னப் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பெட்டி: குட்டி மனிதர்கள், மிருகங்கள், காகிதம், நூல், களிமண். அடுத்த பிள்ளை அதைத் தொட முடியாது. ஒரு பிள்ளை வாரக்கணக்கில் வேலி கட்டி மிருகங்களை அடைத்துக்கொண்டே இருக்கலாம். “விளையாடத்தான் வருகிறானா?” என்று பெற்றோர் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். அதனால் அவர்களோடும் தனியாகப் பேசுவோம். பதின்ம வயதினரிடம் பெட்டி செல்லாது. பாதி நேரம் மௌனம்தான், அதையும் தாங்கப் பழக வேண்டும்.

வேலை விஷயம்: முன்படிப்பு பகுதிநேரம், வேலையோடு சமாளிக்கலாம். கிளினிக்கல் பயிற்சி தொடங்கிவிட்டால் அதுவே வேலை, பழைய வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.